நடக்கும்போது நடப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நாவன்மை மிக்க புலவர்கள் இலக்கியச் சுவை ஊட்டிச் சென்ற இம்மேடையில், ரயில்வே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் எங்களைப் போன்றோருக்கும் சில நிமிடங்கள் கிடைத்துள்ளன. எங்களுக்குத் தெரிந்தவை தண்டவாளமும், அதனருகே நடமாடும் மனிதர்களுமே. ஆகவே அதைப் பற்றியே பேசுகிறோம். கையிலே திறன்பேசி, கண்ணெல்லாம் அதன் திரையிலே, கால் மட்டும் தெருவிலே என்று நடக்கும் பழக்கமே எங்கள் பொருள்.

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணி ரயில் ஓடியது. நீராவி இன்ஜின் புகை கக்கி, ஊதல் எழுப்பித் தன் வரவை நெடுந்தொலைவிலேயே அறிவித்தது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினசுக்கும் குர்லாவுக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. அதற்குப் புகை இல்லை. முன்போல் ஓசையும் இல்லை. இருக்கிற ஓசையும் காதில் கருவியைச் செருகியவருக்கு எட்டுவதில்லை. நாம் நிற்கும் நிலையத்தில் நில்லாமல் செல்லும் விரைவு வண்டி பற்றி ஒலிபெருக்கி எச்சரிப்பதும் அவருக்கு வீணே.

கணக்கை நோக்குவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஒரு செய்தியைப் படிக்க மூன்று விநாடி தலை குனிந்தால், வண்டி 50 மீட்டர் நெருங்கியிருக்கும். பேருந்து ஓட்டுநர் சக்கரத்தை ஒடித்துத் திருப்பலாம். மோட்டார்மேனுக்கு அவ்வழி இல்லை. அவர் பிரேக் பிடித்தாலும், வேகமாக வரும் வண்டி சில நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

"பேசிக்கொண்டே நடந்தாலும் எங்கள் கண் பாதையில்தானே இருக்கிறது?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். அமெரிக்காவின் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். வண்ண உடை அணிந்த கோமாளி ஒருவரை ஒற்றைச் சக்கர சைக்கிளில் வளாகத்தைச் சுற்றி வரச் செய்து, அங்கே நடந்து சென்றவர்களை விசாரித்தார்கள். தொலைபேசியில் பேசியபடி சென்றவர்களில் நால்வரில் ஒருவரே அவரைக் கண்டிருந்தார். தனியே நடந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கண்டனர். இருவராய்ப் பேசிக்கொண்டு நடந்தவர்களிலோ பத்தில் ஏழுபேர் கண்டனர்!

ஆகவே பேச்சு மட்டுமே குற்றமன்று. உடன் நடக்கும் நண்பருக்கும் பாதை தெரிகிறது. பேருந்து வந்தால் அவர் பேச்சை நிறுத்தி நம் கையைப் பற்றி இழுப்பார். தொலைவிலிருந்து பேசுபவர் நாம் எங்கே நிற்கிறோம் என்பதையே அறியார்.

உலகெங்கும் இதற்குப் பரிகாரம் தேடுகிறார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 2016-இல், குனிந்து நடப்போர் காணுமாறு தரையிலேயே விளக்குகள் பதித்தனர். ஹொனலூலு நகரம் 2017-இல் அபராதம் விதித்தது. ஜப்பானின் யமாட்டோ நகரம் 2020-இல், தண்டனை ஏதும் கூறாமலே, நடக்கையில் திரையைப் பார்க்கலாகாது என்று விதி செய்தது.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 32,000-க்கும் மேற்பட்ட பாதசாரிகள் மாண்டனர். பழி முழுவதையும் திறன்பேசியின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. வாகனங்களின் வேகமும், நடைபாதை இல்லாமையும், இருக்கும் நடைபாதையில் இடமில்லாமையும் பெருங்காரணங்கள். ஆயினும் இத்தனை இடர்களுக்கிடையே நடக்கும் நாம் கண்ணையும் காதையும் அடைத்துக்கொள்ளலாமா?

இங்கே நம்மவர்க்கென்று ஒரு செய்தி உண்டு. ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வாழும் நமக்குத் திறன்பேசி வெறும் பொழுதுபோக்கன்று. திருநெல்வேலியிலும் பாலக்காட்டிலும் இருக்கும் தாயின் குரல் அதில்தான் வருகிறது. அக்குரல் வருவதோ, பெரும்பாலும் மாலையில், நாம் அலுவலகம் விட்டு நிலையத்துக்கு விரையும் வேளையில். "வண்டி ஏறியாயிற்றா?" என்று இல்லத்தரசியார் கேட்பதும் அதே வேளையில்தான். ரயில்வே காவல் பணியிலுள்ள நண்பர்கள் எங்களிடம் கூறுவதுண்டு: தண்டவாளத்தருகே கிடக்கும் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்குமாம், எடுத்துப் பார்த்தால் திரையில் "வீடு" என்றிருக்குமாம். அன்பினால் அழைத்தவர்களே வாழ்நாளெல்லாம் அதை எண்ணி வருந்த நேரலாமா? எடுப்பவர்க்கு மட்டுமன்று, அழைப்பவர்க்கும் பொறுப்பு உண்டு என்பதே எங்கள் தாழ்மையான கருத்து.

ஆதலின் நம் காலனிக் குடும்பங்கள் ஐந்து வழக்கங்களை ஏற்க வேண்டுகிறோம்.

முதலாவது, அழைத்தவுடன் "நடக்கிறாயா, நிற்கிறாயா?" என்று கேட்போம். "நடக்கிறேன்" என்றால், "பிறகு பேசலாம்" என்று வைத்துவிடுவோம். இதில் யாரும் மனத்தாங்கல் கொள்ளலாகாது.

இரண்டாவது, அவசரமாகப் பேச வேண்டுமாயின் ஓரமாக நின்று பேசுவோம். இரவில் தனியே வரும் நம் பெண்மக்கள் துணைக்காகவே பேசிக்கொண்டு வருகிறார்கள், அது நியாயமே. அவர்களும் சாலையைக் கடக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்தி, வலப்புறமும் இடப்புறமும், மீண்டும் வலப்புறமும் பார்த்துக் கடக்கட்டும்.

மூன்றாவது, பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நிற்போம். காதுக் கருவியைக் கழற்றிவிடுவோம்.

நான்காவது, ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் நாளில் வண்டிகள் வழக்கமான பாதையை விட்டு வேறு பாதையில் வரும். பழகிய இடந்தானே என்ற நம்பிக்கை அன்று உதவாது.

ஐந்தாவது, தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதை அடியோடு விடுவோம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு இதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. சட்டத்தைவிடக் கொடிது ஒன்றுண்டு: ஒரு வண்டியின் இரைச்சல் எதிர்ப்பாதையில் வரும் மற்றொன்றை மறைத்துவிடும். மேம்பாலப் படிகள் நம் நேரத்தில் சில நிமிடங்களையே கேட்கின்றன.

தாய்மார்களே, பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் பெரியவர்கள் செய்து காட்டுவோம். இன்று விழா முடிந்து வீடு திரும்பும்போதே தொடங்குவோம். விழாப் படங்களை வீட்டில் அமர்ந்து பார்க்கலாம். அவை எங்கும் ஓடிவிடமாட்டா. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!