யாரைக் கேட்டு ஆடுகிறோம்?



"குரு சொல்லிக்கொடுத்ததெல்லாம் சரி, உன் சொந்தப் படைப்பு எங்கே?" என்று, நடனத்தில் இன்று பட்டம் பெறும் உங்களை இனிக் கேட்பார்கள். கேட்டதும் பலர் தனியறையில் கண்ணாடி முன் நின்று தங்களைத் தேடத் தொடங்குவார்கள். நான் மதிக்கும் ஒரு குழு வேறு வழியில் தேடுகிறது.

ஆஸ்திரேலியாவின் தொல்குடியினரும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் ஆடும் பங்காரா நடனக் குழு 1989-இல் தொடங்கியது. நவீன நடனத்தில் தேர்ந்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஒரு கதையை மேடையேற்ற நினைத்தால், அந்தக் கதைக்கு உரிய ஊருக்குப் போய் மூத்தோரிடம் அனுமதி கேட்கிறார்கள். தேவதாசி மரபினரிடமிருந்து சதிர் கைமாறிப் பரதநாட்டியமான வரலாற்றைப் படித்தவர்கள் நீங்கள். உரியவர்களைக் கேட்காமல் ஒரு கலையை எடுத்துக்கொண்டால் யார் காணாமல் போவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குழுவின் இன்றைய கலை இயக்குநர் பிரான்சிஸ் ரிங்ஸ், விராங்கு, மிர்னிங் ஆகிய தொல்குடிகளின் மரபில் வந்தவர். அந்தப் பொறுப்புக்கு வந்து அவர் தந்த முதல் படைப்பு, 2023-இல் சிட்னியில் அரங்கேறிய 'யுல்டியா'. தெற்கு ஆஸ்திரேலியாவில், நல்லர்பார் சமவெளியின் விளிம்பில் உள்ள ஓர் ஊற்றின் பெயர் அது. சுற்றிலும் வறண்ட நிலம்; அங்கே மட்டும் மணலைத் தோண்டினால் நீர் ஊறியது. பல குடிகள் காலங்காலமாகக் கூடிச் சடங்கு செய்த இடம். 1917-இல் கண்டத்தின் குறுக்கே போடப்பட்ட இருப்புப் பாதையின் இரு முனைகளும் அதன் அருகில்தான் இணைந்தன. நீராவி இன்ஜின்களுக்காக நீரை உறிஞ்சி உறிஞ்சி, ஊற்றையே பயனற்றதாக்கினார்கள். 1952-இல் மக்களும் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். 1956-இல் வடக்கே மாரலிங்காவில் பிரிட்டன் அணுகுண்டு வெடித்துச் சோதித்தது.

இத்தனையையும் சுமக்கிற ஆட்டம், விண்மீன் ஒன்று வெடிப்பதில் தொடங்குகிறது. பிறகு நீர் வருகிறது. அதன் பின்னர்தான் ரயில். ஆக்கிரமித்தவன் வந்த நாளிலிருந்து தன் கதையைத் தொடங்க மறுக்கிற இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. துயரம் அங்கே நிறைய உண்டு, ஆனால் அந்த மக்கள் துயரத்தோடு பிறந்தவர்கள் அல்லர். 'நான் யார்' என்று அங்கே ஓர் உடல் கேட்டால், ஊற்றும் மூதாதையரும் வானமும் சேர்ந்தே பதில் சொல்கின்றன. அதனால் ஆடுபவரின் தனித்தன்மை கரைந்துபோவதில்லை. தோளும் முதுகும் பாதமும் யாருக்காக அசைகின்றன என்ற தெளிவு அதற்குக் கூடுதல் வலுவைத் தருகிறது.

பங்காரா தன் படைப்புகளை, அவை பிறந்த ஊர்களுக்கே எடுத்துச்சென்று ஆடிக்காட்டுவதும் உண்டு. கதையைக் கொடுத்தவர்களே எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். அதைவிடக் கடினமான தேர்வை எந்தப் பல்கலைக்கழகமும் வைக்க முடியாது.

உங்கள் முதல் படைப்பு எந்த ஊரின் கதையோ, அந்த ஊரிலேயே அதை ஆடுங்கள். எனக்கும் ஓர் அழைப்பு அனுப்புங்கள், எவ்வளவு தொலைவானாலும் வருகிறேன்.