சுவிட்ச் எந்த ஒயரில்?

இந்திய ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரீஷியன் படிப்பு 2 ஆண்டுகள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் சேரலாம். அடிப்படைப் பாடம் ஓம் விதி: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். வாட்டை வோல்ட்டால் வகுத்தாலும் ஆம்பியர் கிடைக்கும். 230 வோல்ட்டில் 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். ஒயரின் பருமனைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குதான். விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். கீசருக்கு 4 போடுவது நல்லது. மெல்லிய ஒயர் சூடேறி, மேலுறை உருகித் தீப்பிடிக்கும்.

செய்முறை, மரப்பலகையில் ஒரு சுவிட்ச், ஒரு பல்போடு தொடங்குகிறது. எளிய வேலைதான், ஆனால் உயிர் காக்கும் பாடம் இதில்தான் இருக்கிறது. சுவிட்ச், மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் ஒயரில்தான் வர வேண்டும். மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரலில் வைத்தாலும் பல்பு அணையும். ஹோல்டரில் மட்டும் மின்சாரம் அப்படியே நிற்கும். அணைந்துவிட்டதென நம்பி பல்பைக் கழற்றுபவருக்கு ஷாக் அடிக்கும்.

அடுத்தது, இரண்டு டூ-வே சுவிட்சுகளால் இயங்கும் மாடிப்படி விளக்கு. பிறகு எர்த் இணைப்பு, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேலை முடிந்ததும் மெகர் கருவியால் ஒயர்களின் காப்பைச் சோதித்த பின்பே மின்சாரம் கொடுக்கப்படுகிறது.