பல் வேரில் ஒளியும் கிருமியும் அதன் எதிரியும்

(குரங்கணி மகளிர் குழுக்களின் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



பல்வலி வந்தா நாம என்ன செய்றோம்? கிராம்பை வச்சுக் கடிக்கிறோம். அடங்கலைன்னா மெடிக்கல்ல கேட்டு மாத்திரை. ரெண்டு நாளில் வலி போனதும் மிச்சத்தை டப்பாவில் போட்டுட்டு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிடுறோம். போடிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சே! அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் மூணாம் மாசம் அதே பல் ஏன் திரும்ப வீங்குது?

சொத்தை ஆழமாகப் போனால் பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போகும். மாத்திரை மருந்து ரத்தத்தோடுதான் போய்ச் சேரணும். ரத்தமே ஓடாத வேருக்குள் அது எப்படிப் போகும்? கிருமி அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் டாக்டர் வேருக்குள் சுரண்டிக் கழுவி அடைக்கிறார். இதுதான் ரூட் கேனால். முடியாத பல்லை எடுத்துவிடுகிறார்.

அப்படி அடைத்த பல்லிலும் சில சமயம் மறுபடி சீழ் பிடிக்கும். அந்தப் பற்களில் அடிக்கடி அகப்படும் கிருமி எண்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ். பேர்தான் பெருசு, நம்ம குடலில் குடியிருக்கிறதுதான். இரை இல்லாமலும் தாங்கும், வேருக்குள் வைக்கும் மருந்தையும் தாங்கும்.

இதுக்கும் ஒரு எதிரி இருக்கு. ஏலச்செடிக்குக் கட்டே நோய் வருதே, அது வைரஸ். செடிக்கு வர்ற மாதிரி கிருமிக்கும் வைரஸ் வரும். கிருமிக்குள் புகுந்து பெருகி, அதை வெடிக்க வச்சுட்டு வெளியே வரும். கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சாகிறதுன்னு 1896லேயே ஆக்ராவில் ஹாங்கின் என்ற விஞ்ஞானி எழுதினார். காரணம் இந்த வைரஸாக இருக்கலாம்னு பிற்பாடு சொன்னாங்க. 1917ல் பாரிஸில் தெரேல் என்பவர் இதற்கு பாக்டீரியோஃபேஜ் என்று பேர் வைத்தார். கிருமி தின்னின்னு அர்த்தம்.

2009ல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில், பல் வேரிலிருந்து எடுத்த அந்தக் கிருமிக்குள்ளேயே ஒரு வைரஸ் தூங்கிக்கிட்டு இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. 2015ல் ஜெருசலேமில், சாக்கடைத் தண்ணீரிலிருந்து வேறொரு வைரஸை எடுத்து, பிடுங்கிய பற்களில் சோதிச்சாங்க. கிருமி நல்லாக் குறைஞ்சது. சாக்கடையான்னு முகம் சுளிக்காதீங்க. குடல் கிருமி எங்கே சேருதோ, அங்கேதானே அதன் எதிரியைத் தேடணும்!

இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான். நம்ம பக்கத்து ஆஸ்பத்திரியில் இந்த வைத்தியம் கிடையாது. கங்கைத் தண்ணியில் வாய் கொப்பளிச்சா போதும்னு யாராவது வித்தால் வாங்காதீங்க.

இன்னைக்கு நம்ம கையில் இருக்கிறது வேரைச் சுத்தம் பண்றது, இல்லை பல்லை எடுக்கிறது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். டப்பாவில் கிடக்கிற மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கொடுக்க வேண்டாம்.

தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ அன்னைக்கே கிளம்பணும். போடி அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்க. கையில் காசில்லைன்னு உட்கார்ந்துடாதீங்க, குழு உள்கடனில் கேளுங்க. பல்லுக்கெல்லாமா கடன்னு எந்த ஊக்குநரும் சிரிக்கக் கூடாது.