தசை வளரப் புரத மாவு வேண்டுமா?



சென்ற மாதம் எங்கள் தோட்டத்துத் தாய் ஒருவர் பள்ளிக்கு வந்தார். என்னிடம் படித்த அவர் மகன் இப்போது சிரம்பானில் வேலை செய்கிறான். மாலையில் உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்குகிறான். சம்பளம் வந்ததும் இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்துப் புரத மாவு வாங்கிவிட்டானாம். "அவங்க அப்பாவுக்கும் தினம் ஒரு கரண்டி கலக்கிக் கொடுக்கிறான் சார், நல்லதுதானா?" என்று கேட்டார்.

இது மருந்தன்று. பால் திரிந்தால் கட்டியும் நீருமாகப் பிரிகிறதல்லவா? பாலாடைக்கட்டி செய்யும் ஆலைகளில் அப்படிப் பிரியும் நீரிலுள்ள புரதத்தை உலர்த்திய தூளே பெரும்பாலான டப்பாக்களில் இருக்கிறது. உடலை ஊதச் செய்யச் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசி வேறு. அதன் பக்கமே பிள்ளைகள் போகக் கூடாது.

தசையில் பழைய புரதம் சிதைவதும் புதியது உருவாவதும் எப்போதும் நடப்பவை. பளு தூக்கியபின் உருவாகும் வேகம் கூடி, ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கிறது. ஆனால் வெறும் வயிறாக இருந்தால் சிதைவே மிஞ்சும். உணவில் புரதம் கிடைத்தால்தான் வளர்ச்சி முந்தும். கூடத்திலேயே குலுக்கிக் குடித்தாக வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டாலும் தசை ஏற்றுக்கொள்ளும்.

எவ்வளவு வேண்டும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் பயிற்சி செய்த இளைஞர்களுக்கு முட்டைப் புரதத்தைப் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். 20 கிராம் வரை பயன் ஏறியது. 40 கிராம் கொடுத்தும் அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை. மிஞ்சியதை உடல் எரித்துவிட்டது. 20 கிராம் என்பது ஏறக்குறைய மூன்று முட்டை!

அவர்களே 2018இல் 49 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். பயிற்சியால் மட்டும் கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 1.1 கிலோ கூடியது. புரதமும் சேர்த்தவர்களுக்கு அதன்மேல் 300 கிராம்தான். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராமைத் தாண்டினால் மேலும் பயனில்லை. 60 கிலோ பையனுக்கு 96 கிராம்.

இதை அடுப்படியிலேயே எட்டலாம். மூன்று முட்டையில் 18, சமைத்த கோழி 100 கிராமில் 27, மீன் 100 கிராமில் 20, தெம்பே 100 கிராமில் 19. மிச்சத்தைப் பருப்பும் சோறும் தந்துவிடும். நம் குறை காலையில்தான். ரொட்டியும் கோப்பியுமாகப் புறப்பட்டுவிடுகிறோம். செம்பனைக் குலை தூக்கும் தகப்பனுக்கும் அந்நேரம் இரண்டு முட்டை தேவை.

ஆனால் அந்தத் தாயின் கணவருக்கு நீரிழிவு. சிறுநீரகமும் தளர்ந்திருப்பதாகக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அத்தகையோருக்கு மிகைப் புரதம் சுமை. மருத்துவரைக் கேட்கும்வரை அந்தக் கரண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"திறந்த டப்பாவை என்ன செய்ய?" என்றார். பையன் குடித்து முடிக்கட்டும், அடுத்ததை வாங்குமுன் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.