சந்தா மென்பொருள்: நகையை எடுக்கும் முன் கணக்கை எடுப்போம்

(கோலியனூரில் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



படித்து முடித்ததும் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போவதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம். இப்போது சிலர், "கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து மாதச் சந்தாவுக்குக் கொடுக்கப் போகிறோம்" என்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் முதலுக்கு என்று வீட்டில் முதலில் கண்ணில் படுவது தாய்மாரின் நகை. அதனால்தான் இந்தப் பேச்சு.

சந்தா நமக்குப் புதிதல்ல. பள்ளிவாசலுக்கு மாதாமாதம் கொடுக்கிறோம். கட்டடம் எழும்பியதும் செலவு நின்றுவிடுகிறதா? இமாமின் சம்பளம், மின்கட்டணம், மோட்டார் பழுது எல்லாம் அதன் பிறகுதான். மென்பொருளும் அப்படியே.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பிள்ளைகளின் வீட்டுச் செலவுக்கு ஆளுக்கு 15,000 ரூபாய், சர்வர் வாடகைக்கு 3,000, போன், பயணம், கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் செலவு 7,000. ஆக மாதம் 40,000. செய்து முடிக்க 6 மாதம் என்றால் 2,40,000. பெரும்பாலும் வீட்டில் கேட்பது இந்தத் தொகையைத்தான்.

பிறகு சந்தா 300 ரூபாய், மாதம் 10 கடைகள் சேருகின்றன என்று வைப்போம். முதல் மாத வரவு 3,000, இரண்டாம் மாதம் 6,000. வரவு செலவைத் தாண்ட 14 மாதம் ஆகும். அதற்குள் கையிலிருந்து போவது இன்னும் 2,47,000. மொத்தம் 4,87,000. கேட்டதைப்போல் இரண்டு மடங்கு! இதுவும் ஒரு கடைகூட விலகாமல் இருந்தால்தான். மாதம் 2 கடை விலகினால் காலம் இன்னும் நீளும். பாதி வழியில் பணம் தீர்ந்து நிற்பது இந்த இரண்டாம் பாதியை எழுதாததால்தான்.

இன்னொன்று. வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்கினால் 3,600 ரூபாய் மொத்தமாகக் கைக்கு வரும். அது முழுவதும் நம் பணம் அல்ல. இந்த மாதத்துக்குரியது 300 மட்டுமே. மீதி 3,300 அந்தக் கடைக்காரரின் அமானிதம். அதைச் செலவழித்துவிட்டு ஆறாம் மாதம் சர்வரை நிறுத்தினால், வாக்குக்கும் அமானிதத்துக்கும் மாறு செய்தவர்களாவோம்.

நம் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஸோஹோ நிறுவனம் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. நெட்வொர்க் மென்பொருள் விற்று வந்த வருமானத்திலிருந்தே 2005 முதல் ஸோஹோ என்ற பெயரில் இணையவழிச் சேவைகளைக் கொண்டுவந்தது. வெளி முதலீட்டாளர் பணத்தை நம்பவில்லை. பின்னாளில் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் திறந்தது. சென்னையில் 2010-ல் பிறந்த ஃபிரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் இடம்பெற்றது. இரண்டும் வழிதான். ஆனால் சிறிய ஊரில் தொடங்கும் நமக்கு முதல் வழியே பொருந்தும். ஒருவர் வேலையில் இருக்கட்டும், மற்றவர் மென்பொருள் செய்யட்டும். கேட்பவருக்கு வெப்சைட் செய்துகொடுத்து வரும் கூலி சர்வர் வாடகைக்கு ஆகட்டும்.

வட்டிக்கு நகையை வைக்க வேண்டாம். உறவினர் பணம் போட விரும்பினால் முதாரபா முறையில் சேரட்டும். லாபம் வந்தால் பேசிய விகிதப்படி பங்கு. நஷ்டம் வந்தால், உழைத்தவரின் கவனக்குறைவு இல்லாதவரை, பணம் போட்டவருக்குப் பணமும் உழைத்தவருக்கு உழைப்பும் போகும். இதைச் சொல்லித்தான் பணம் வாங்க வேண்டும், எழுதியும் வைக்க வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான்.

யூசுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளில் சேமித்து வைக்கச் சொன்னது பின்னால் வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளுக்காக. கடைசியில் விலக நேர்ந்தாலும், சந்தாதாரருக்கு மீதியைத் திருப்பிக் கொடுக்கும் தொகை தனியாக இருக்கட்டும்.

பிள்ளைகளே, முதலில் ஒரு தாளில் 20 மாதக் கணக்கை எழுதிக் கொண்டுவாருங்கள். உங்களோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பார்க்க நாங்கள் தயார். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.