இரத்தத்தின் காரக் கணக்கும் சிறுநீரகத்தின் வசூலும்

(பவானி வட்டாரக் கூட்டுறவு அங்கத்தினர் வகுப்பில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன் பாக்கியையும் தவணையையும் பற்றியே என் வாயிலிருந்து கேட்டுப் பழகிய தங்களுக்கு, இன்று நான் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது விநோதமாய்த் தோன்றலாம். அதுவும் ஒரு வரவு செலவுக் கணக்கேயாதலால் துணிந்து வந்தேன்.

குண்டிக்காய் என்று நாம் வழங்கும் சிறுநீரகங்கள் கழிவு நீரைத் தள்ளும் வாய்க்கால்கள் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். தள்ளுவதைக் காட்டிலும் திருப்பி எடுப்பதே அவற்றின் பெரிய வேலையாகும்.

ஜமக்காளத்துக்கு நூல் தோய்க்கும் நம்மூர்ச் சாயக்காரர்கள், தொட்டியில் காரம் சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் நிறம் கெடும் என்பதை அறிவார்கள். இரத்தமும் அப்படிப்பட்டதே. சொற்பக் காரத்தன்மையுள்ள அது, பி.எச். என்னும் அளவையில் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கவேண்டும். பருப்பு, கொள்ளு, முட்டை, இறைச்சி இவற்றின் புரதத்தில் கந்தகம் உண்டு. அது தேகத்தில் எரியும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. கரியமிலவாயு மூச்சோடு போய்விடும். இவ்வமிலம் அப்படிப் போகாது. இரத்தத்திலுள்ள பைகார்பனேட் என்னும் காரம் தன்னைச் செலவிட்டு அதை அடக்குகிறது. நாளொன்றுக்குச் செலவாகும் காரத்தைச் சோடா உப்பாக நிறுத்தால் சுமார் 6 கிராம் இருக்கும்.

நிற்க. சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை யாவும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடிக்கின்றன. அந்நீரோடு சுமார் 360 கிராம் சோடா உப்புக்குச் சமமான காரமும் இறங்கிவிடுகிறது. அது வீணாய்ப் போனால் ஒரு நாள்கூட உயிர் தரிக்காது. அதைக் காப்பவை வடிகட்டியை அடுத்த குழல்களின் சுவரிலுள்ள உயிரணுக்கள். அங்கே நடப்பது பண்டமாற்று. சோடியம் அயனி, அதாவது மின்சாரம் ஏற்ற சோடிய அணு, ஒன்றை உள்ளே வாங்கிக்கொண்டு, புளிப்புக்கு மூலமான ஹைட்ரஜன் அயனி ஒன்றை அவை குழலுக்குள் விடுகின்றன. அது அங்குள்ள பைகார்பனேட்டோடு கூடித் தண்ணீரும் கரியமிலவாயுவுமாய்ப் பிரிகிறது. அவ்வாயு உயிரணுவுக்குள் புகுந்து மறுபடி பைகார்பனேட்டாகி, சோடியத்தோடு இரத்தத்தில் வரவு வைக்கப்படுகிறது. அசல் திரும்பிற்று. செலவான 6 கிராமுக்கு என்ன வழி? குழலின் கடைப்பகுதியில், பம்பு வைத்து இறைப்பதுபோல் ஹைட்ரஜன் அயனி வெளியேற்றப்படுகிறது; அம்மோனியாவும் பாஸ்பேட்டும் அதைச் சுமந்து செல்கின்றன. அவ்வாறு போகும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒரு புதிய பைகார்பனேட் இரத்தத்தில் சேர்கிறது. கடைசியில் மூத்திரமாவது ஒன்றரை லிட்டர்தான். என் உத்தியோகத்தில் இவ்வளவு நேர்த்தியான வசூலை நான் கண்டதில்லை.

ஆகையால், "மூத்திரம் தாராளமாய்ப் போகிறது, எனக்கென்ன குறை?" என்று இருந்துவிடுவது தகாது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வடிகட்டிகளை மெள்ளக் கெடுக்கையில், மூத்திரத்தின் அளவு வெகுநாள் குறையாமலே இருக்கக்கூடும். அம்மோனியா செய்யும் சக்தியோ அதற்குள் குறைந்து, அமிலம் தங்கிவிடும். அதை அடக்க எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையும், தசையும் மெலியும். ரிசர்வ் நிதியை எடுத்து மாதச் செலவு நடத்தும் சங்கத்தின் கதியே இது.

இத்தகையோருக்கு டாக்டர்கள் இரத்தத்தைப் பரீட்சித்துச் சோடா உப்பையே மாத்திரையாகக் கொடுப்பதுண்டு. அதைக் கேட்டுவிட்டு ஆப்பசோடாவை வீட்டில் கரைத்துக் குடிக்கலாகாது. அதிலுள்ள சோடியம் உடம்பில் நீரைத் தங்கச் செய்யும். மூட்டு வலிக்கென்று மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவதும் சிறுநீரகத்துக்குப் பகை.

நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், இரத்தத்தில் கிரியாட்டினினையும் மூத்திரத்தில் ஆல்புமினையும் ஆண்டுக்கொரு முறையேனும் சோதித்துக்கொள்ளவேண்டும். சங்கத்தின் ஆடிட்டுக்கு நாள் குறிக்கும்போதே இதற்கும் ஒரு நாள் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.