படிப்பும் பாட்டும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகள் காதிற் கருவியை மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே பாடம் படிப்பது நன்றா, தீதா என்னும் வினா இப்போது நம்மவர் வீடுதோறும் எழுகின்றது. பாட்டில்லாமல் படிப்பில் மனம் செல்லவில்லை என்கின்றனர் பிள்ளைகள். பாட்டிலே மனம் சென்றால் படிப்பில் எங்ஙனம் செல்லும் என்கின்றனர் அப்பச்சிமார். இருதிறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. அதனை ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

படிப்புக்கும் இசைக்கும் நம்மிடையே என்றும் பகையிருந்ததில்லை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி கற்ற முறை யாது? சட்டாம்பிள்ளை ஓரடி சொல்ல, மற்றப் பிள்ளைகள் ஒரே குரலில் இசைபடத் திருப்பிச் சொல்லுவர். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி என்பது 80-இல் ஒரு பங்கு. மா என்பது 20-இல் ஒரு பங்கு. இத்தகைய நுண்கணக்கெல்லாம் ஓசை வழியே நெஞ்சிற் பதிந்தன. இளமையிற் கப்பலேறிப் பர்மாவிலும் மலேயாவிலும் பெட்டியடிப் பையன்களாய் அமர்ந்தவர்கள் வட்டியை மனத்தாலே கணக்கிட்டது இப்பயிற்சியின் பயனன்றோ?

ஆயின், அங்கே பாடமே பாட்டாயிற்று. இன்றோ பாடம் ஒன்று, பாட்டு மற்றொன்று. வேறுபாடு இங்கேதான் உளது.

1929-ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலே பல்கலைக்கழகங் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரவர்கள், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார்கள். தமிழர்க்குத் தமிழிற் பாட வேண்டும், பொருள் விளங்கினால்தான் உள்ளம் உருகும் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. அக்கொள்கையே நம் வினாவுக்கும் விடை தருகின்றது. பொருள் விளங்கும் பாட்டு, அழையாமலே உள்ளத்துட் புகும். கண் நூலின் சொல்லைக் கொணர, காது பாட்டின் சொல்லைக் கொணர, ஒரே வாயிலில் இருவர் நுழைய முயன்றால் இடிபடாமல் என் செய்வர்?

மேனாட்டாராய்ச்சியும் இதனையே உரைக்கின்றது. சலாமே, பேட்லி என்னும் அறிஞரிருவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப்பாட்டு நினைவைக் குலைக்குமளவு வாத்திய இசை குலைப்பதில்லை எனக் கண்டனர். எழுத்துக்களை வரிசை பிறழாமல் நினைவில் வைக்கும் சோதனையில், விரும்பிய இசையும் வெறுத்த இசையும் ஒருபடித்தாகவே இடர் செய்தன என்று பெர்ஹாம், விசார்ட் என்போர் 2011-இல் அறிவித்தனர். ஆகவே, எனக்குப் பிடித்த பாட்டாதலின் தீங்கில்லை என்னும் வாதம் நிற்பதன்று.

மாணாக்கர்களே! இதனால் இசையைத் துறக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. படத்திற்கு வண்ணந் தீட்டுதல் போன்ற வேலைகளில் இசை சலிப்பை நீக்கும். படிக்க அமருமுன் சிறிது நேரம் கேட்டால் மனம் தெளிவுறும். நம் ஊர்ப் பெயரால் வழங்கிய சுப்பராமையர், சாம்பசிவையர் என்னும் காரைக்குடி வீணைச் சகோதரர்களின் வழிவந்த வாசிப்பை அப்போது கேளுங்கள். மனப்பாடஞ் செய்யும்போது மட்டும் உங்கள் குரலே உங்களுக்கு இசையாகட்டும்.

இனிப் பெற்றோர்க்கு ஒன்று. நம் வீடுகளில் வளவிற் பேசுவது இரண்டாங்கட்டு வரை கேட்கும். அங்கே தொலைக்காட்சி முழங்கினால் பிள்ளை என் செய்வான்? பிள்ளைகள் பலர் காதை மூடுவது பாட்டை விரும்பியன்று. நம் இரைச்சலுக்கு அஞ்சியே! பொதுத் தேர்வு நடக்கும் மாசி, பங்குனியிலேதான் நம் ஊர் முத்துமாரியம்மன் திருவிழாவும் நிகழ்கின்றது. திருவிழா வேண்டும், ஆனால் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி வேண்டுமா? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதனைத் தடுக்கின்றன. பிள்ளை படிப்பதோ மாலை 6 மணி முதல் 10 மணி வரை! அந்நேரத்தைக் காப்பது சட்டத்தின் கடமையன்று, நம் கடமை.

ஆதலின், தேர்வு மாதங்களில் நம்மவர் இல்லத் திருமணங்களிலும் விழாக்களிலும் மாலை வேளையில் ஒலிபெருக்கியை நிறுத்துவதென இச்சங்கத்தார் ஒரு தீர்மானஞ் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் முதலில் நாம் அமைதி காப்போம்; பிறகு பிள்ளையின் காதுக் கருவியைக் கழற்றச் சொல்லுவோம். அப்போதுதான் நம் சொல் அவன் காதில் ஏறும்.